ரோல் வாங்கி நாமே செயின் கோர்ப்பது: ரிவெட் பிரேக்கர், ஸ்பின்னர் பற்றி

குடியாத்தம் பக்கம் மரம் அறுக்கும் வேலை எடுத்துச் செய்கிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, என்னிடம் மூன்று செயின்சா இருக்கிறது. தென்னை, புளி, வேம்பு எல்லாம் அறுக்கிறோம். ரெடிமேட் செயின் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. நூறடி ரோலாக வாங்கி நாமே வெட்டிக் கோர்த்தால் மிச்சம் என்கிறார்கள். அதற்கு, செயினைக் கோர்க்கிற ரிவெட் ஆணியைத் தள்ளி எடுக்க ரிவெட் பிரேக்கர், புது ரிவெட்டின் முனையை உருட்டி மூட ஸ்பின்னர் என்று இரண்டு கருவி வேண்டுமாம். வாங்கலாமா? இல்லை, ரிவெட்டைச் சுத்தியலால் தட்டியே முடித்துவிடலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் தம்பி. சுத்தியல் வேண்டாம். அவசரம் என்றாலும் வேண்டாம், ஒரே ஒரு மரம்தான் பாக்கி என்றாலும் வேண்டாம்.

ஆக்சிலேட்டரை முழுசாக அழுத்தினால் செயின் நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடும். மணிக்கு 72 கிலோமீட்டர். பெங்களூர் ரோட்டில் போகிற பஸ்ஸின் வேகம் அது. அந்த வேகத்தில் ஒரு ரிவெட் விட்டால் செயின் அறுந்து சாட்டை மாதிரி சுழலும். அறுந்த முனை அடிபடும்போது லிங்க் ஒன்று தெறித்தால் அது துப்பாக்கிக் குண்டு போலப் பாயும். மெஷினுக்கு அடியில் செயினைப் பிடிக்க ஒரு கொக்கி இருக்கிறது, வாஸ்தவம்தான். அது அறுந்த செயின் உங்கள் கையை நோக்கி வராமல் தடுக்கத்தான். தெறிக்கிற துண்டை அதனால் பிடிக்க முடியாது.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நானும் சுத்தியலால்தான் கோர்த்தேன். லத்தேரி பக்கம் ரோட்டோரத்தில் விழுந்த புளியமரம், சாயங்கால நேரம், மாற்றுச் செயின் கையில் இல்லை. அறுந்த இடத்தில் பழைய ரிவெட்டையே திருப்பிப் போட்டு, ஒரு இரும்புத் துண்டின் மேல் வைத்து நாலு தட்டு தட்டினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பத்து நிமிஷம் ஓடியது. அப்புறம் விட்டது. பக்கத்தில் கயிறு பிடித்திருந்த பையனின் முழங்காலுக்குக் கீழே ஒரு லிங்க் துண்டு ஆழமாகத் தைத்துவிட்டது. எலும்பில் படவில்லை, ஒரு மாசத்தில் ஆறியது. ஆனால் அவன் துடித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மறுவாரமே சென்னை பாரிமுனைக்குப் போய் இரண்டு கருவியும் வாங்கி வந்தேன்.

சுத்தியலில் அப்படி என்ன கெடுதி? சுத்தியல் அடி ரிவெட்டின் தலையை ஒரு நொடியில் நசுக்குகிறது. கடினமான எஃகு என்பதால் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விடும். அடி நேராக விழாவிட்டால் ரிவெட்டின் நடுத்தண்டே வளையும். இன்னொன்று, இரண்டு பக்கப் பட்டையும் உள்ளே நெருங்கி, நடுவில் இருக்கிற டிரைவ் லிங்கை இறுக்கிவிடும். இறுகிய மூட்டு, செயின் சுற்றி ஓடுகிற நீள இரும்புத் தகடான பாரின் மூக்கில் வளையாமல் துள்ளும். ஸ்பின்னர் அடிப்பதே இல்லை. சுழன்றுகொண்டே மெதுவாக அழுத்தி, ரிவெட்டின் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் பரத்தி உருட்டுகிறது. சப்பாத்திக் கட்டையால் தேய்ப்பதற்கும் உள்ளங்கையால் அறைவதற்கும் உள்ள வித்தியாசம்.

சரி, கோர்க்கிற வேலைக்கு வருகிறேன். முதலில் செயின் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். நடுவில் ஓடுவது டிரைவ் லிங்க். அதன் கீழ்நாக்குதான் பாரின் பள்ளத்தில் ஓடுகிறது, எஞ்சின் சுழற்றுகிற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் மாட்டுகிறது. அதற்கு இரண்டு பக்கமும் பட்டைகள். ஒரு ஜோடியில் ஒரு பக்கம் வெட்டும் பல், எதிர்ப்பக்கம் வெறும் பட்டை. அடுத்த ஜோடி இரண்டு பக்கமும் வெறும் பட்டை. அதற்கடுத்ததில் எதிர்ப்பக்கத்துப் பல். இடப் பல், பட்டை, வலப் பல், பட்டை என்று வரிசை மாறி மாறிப் போகும்.

இந்த இட வல வரிசை வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜோசப் பஃபோர்ட் காக்ஸ் என்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு மரம்வெட்டி. 1946-ல் ஒரு மரக்கட்டையை மரவண்டின் புழு குடைந்துகொண்டு போவதைப் பார்த்திருக்கிறார். இழைப்போக்கு, குறுக்குப்போக்கு எதுவானாலும் அதற்கு ஒன்றுதான். தாடையை இடமும் வலமுமாக ஆட்டி அரித்துக்கொண்டே போகிறது. அதே மாதிரி இடப் பல், வலப் பல் என்று மாற்றி மாற்றி வைத்து ஒரு செயின் செய்தார். 1947-ல் போர்ட்லண்டில் கம்பெனி ஆரம்பித்தார். இன்று நம் கையில் இருக்கிற செயினின் பல் அமைப்பு அந்த வழியில் வந்ததுதான். மரத்தோடு புழங்குகிற ஒருவன் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தது என்பதால் எனக்கு அதன் மேல் தனி மரியாதை.

ரோல் வாங்குமுன் மூன்று அளவு சரியாகத் தெரிய வேண்டும். முதலாவது பிட்ச். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டை எடுத்து, முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடுவரை அளந்து, இரண்டால் வகுத்தால் பிட்ச். வகுக்குமுன் வெர்னியர் அளவுகோலில் 18.6 மி.மீ. சுமாருக்கு வந்தால் அது 3/8 இன்ச் பிட்ச். 16.5 வந்தால் .325. 20.5 வந்தால் .404. இரண்டாவது கேஜ், அதாவது டிரைவ் லிங்க் நாக்கின் தடிமன்: 1.1, 1.3, 1.5, 1.6 மி.மீ. என்று வரும். பாரின் பள்ளம் 1.5 என்றால் செயினும் 1.5 தான். 1.3 போட்டால் செயின் சாய்ந்து ஓடி, வெட்டு கோணலாகப் போகும். 1.6 நுழையவே நுழையாது. மூன்றாவது டிரைவ் லிங்க் எண்ணிக்கை. பாரின் நீளத்தை மட்டும் நம்பி வெட்டாதீர்கள். ஒரே 20 இன்ச் பாருக்கு பிட்ச் மாறினால் எண்ணிக்கையும் மாறும். 3/8-ல் பெரும்பாலும் 72 வரும். நம் ஊரில் நிறைய ஓடுகிற 58 சிசி சைனா மெஷினில் 20 இன்ச்சுக்கு .325 பிட்ச்சில் 76, 22 இன்ச்சுக்கு 86. ஓடுகிற பழைய செயினைக் கழற்றிவைத்து எண்ணுவதுதான் உத்தமம்.

எண்ணிக்கை நான்கால் வகுபட்டால் வரிசை அழகாக முடியும். 76 என்றால் இடப் பல் 19, வலப் பல் 19. 86 என்றால் பல் 43. சேருகிற இடத்தில் ஒரே பக்கத்துப் பல் இரண்டு அடுத்தடுத்து வரும். பயப்பட வேண்டாம், அறுப்பில் வித்தியாசம் தெரியாது. ஒற்றைப்படை எண் என்றால் வெறும் பட்டை ஜோடி இரண்டு சேர்ந்தாற்போல் வரும். அதுவும் ஓடும்.

இனி வெட்டுவது. ரோலின் முனை டிரைவ் லிங்கில் ஆரம்பிக்கட்டும். 76 டிரைவ் லிங்க் எண்ணுங்கள். இரண்டு தடவை எண்ணுங்கள். பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மூன்றாவது தடவையும் எண்ணுங்கள். கடைசி டிரைவ் லிங்கை அடுத்து வருகிற பட்டை ஜோடிதான் உடைக்க வேண்டியது. சாக்பீஸால் அடையாளம் போட்டுவிட்டு பிரேக்கருக்குப் போங்கள்.

பிரேக்கரில் ஒரு நீளக் கைப்பிடி, அதன் கீழே ஊசி மாதிரி ஒரு பஞ்ச், அதற்கு நேர் கீழே அளவு அளவாகப் பள்ளம் வெட்டிய அடைகல். செயின் அசையாமல் உட்காருகிற பள்ளத்தில் வைக்க வேண்டும். பெரிய பள்ளத்தில் வைத்தால் அழுத்தும்போது டிரைவ் லிங்க் வளைந்துவிடும். கடையில் ரெடிமேட் செயின் செய்துகொடுக்கிறவர்கள்கூட செய்கிற தப்பு இது. பஞ்ச் முனை ரிவெட் தலையின் நட்ட நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, கைப்பிடியை ஒரே சீராக இறக்குங்கள். குதித்து அழுத்த வேண்டாம், பஞ்ச் முனை உடைந்து தெறிக்கும். கண்ணாடி போடாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். அந்த ஜோடியின் இரண்டு ரிவெட்டையும் தள்ளிவிட்டால் மேல்பட்டை தனியாகவும், கீழ்பட்டை ரிவெட்டோடும் கழன்று வரும். இரண்டையும் குப்பையில் போடுங்கள். ஒரு தடவை தள்ளிய ரிவெட்டுக்கு மறுபிறவி கிடையாது.

இப்போது கையில் இருக்கிற துண்டின் இரண்டு முனையிலும் டிரைவ் லிங்க் இருக்கும். அவற்றைச் சேர்க்க இரண்டு பொருள் வேண்டும். ஒன்று, ரிவெட் இரண்டும் ஏற்கனவே பதித்து வருகிற பட்டை; கடையில் பிரீசெட் என்று கேளுங்கள். இன்னொன்று, மேலே மூடுகிற வெறும் பட்டை. ரோல் எந்தக் கம்பெனியோ, எந்த சீரிஸோ, அதே கம்பெனி, அதே சீரிஸ் வாங்குங்கள். "எல்லாம் ஒன்றுதான், உட்காரும்" என்று கவுண்டரில் சொன்னால் கேட்காதீர்கள். ரிவெட்டின் தோள் அளவு நூலிழை மாறினாலும் மூட்டு ஒன்று ஆடும், இல்லை இறுகும்.

சேர்க்குமுன் செயினைத் தரையில் வளையமாகப் போட்டுப் பாருங்கள். எல்லா நாக்கும் உள்பக்கம், எல்லாப் பல்லும் ஒரே திசை. ஒரு முறுக்கு விழுந்தது தெரியாமல் ரிவெட் போட்டுவிட்டு, பாரில் மாட்டும்போதுதான் தலையில் கைவைப்பார்கள். பிரீசெட்டைப் பக்கவாட்டிலிருந்து இரண்டு டிரைவ் லிங்கிலும் நுழைத்து, மேல்பட்டையை வையுங்கள். பட்டையின் வளைந்த விளிம்பு பக்கத்துப் பட்டைகளில் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதே பக்கம் இருக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் பாரின் மேல்விளிம்பில் சரியாக உட்காராமல் அங்கே மட்டும் உரசும்.

அப்புறம் ஸ்பின்னர். முழு வேலையும் இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். ஒரு பக்கம் பிரீசெட்டின் முதுகு சாய்ந்து நிற்கிற அடைகல். எதிர்ப்பக்கம் கைப்பிடியால் சுழல்கிற தலை. அந்தத் தலையை முன்னே தள்ளுகிற ஒரு திருகு குமிழ். முதலில் அடைகல்லை உங்கள் பிட்ச்சுக்கு மாற்றி வையுங்கள். பிரீசெட்டின் முதுகு அதில் முழுசாகப் படிய வேண்டும். சாய்வாகப் பட்டால் ரிவெட் ஒரு பக்கமாகப் பரவும். ரிவெட் முனையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். குமிழைத் திருகி, சுழலும் தலை ரிவெட்டைத் தொடுகிற வரைக்கும் கொண்டுவாருங்கள். இனி வலக்கை கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்கட்டும், இடக்கை குமிழைத் துளித் துளியாக இறுக்கட்டும். சுற்றாமல் இறுக்கினால் அது நசுக்கல், இறுக்காமல் சுற்றினால் வெறும் தேய்ப்பு. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும்.

முதலில் கைப்பிடி கனமாக இருக்கும். உலோகம் பரவ ஆரம்பித்ததும் ஒரு வழுவழுப்பு கைக்குத் தெரியும். அங்கே நிறுத்திப் பாருங்கள். தலை வட்டமாக, வழவழவென்று, பக்கத்தில் இருக்கிற கம்பெனி ரிவெட் தலை அளவுக்கு வந்திருந்தால் போதும். வெர்னியர் வைத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். "இன்னும் நாலு சுற்று, ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று மனசு சொல்லும். கேட்காதீர்கள். அந்த நாலு சுற்றில்தான் பட்டை உள்ளே நெருங்கி மூட்டு பிடித்துக்கொள்கிறது. ஒரு ரிவெட்டை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் பட்டை சாயும் என்று நான் இரண்டையும் பாதிப் பாதியாக உருட்டி, பிறகு இரண்டையும் முடிக்கிறேன். அது என் பழக்கம்.

சோதிப்பது சுலபம். புது மூட்டுக்குப் பக்கத்தில் பிடித்துச் செயினைத் தொங்கவிடுங்கள். அடுத்த லிங்க் தன் கனத்திலேயே மடிந்து விழ வேண்டும். விழாமல் விறைத்து நின்றால் இறுக்கம். பக்கவாட்டில் ஆட்டிப்பார்த்தால் மற்ற மூட்டுகளைவிட அதிகமாக ஆடினால் உருட்டியது போதாது, இன்னும் கொஞ்சம் சுற்றலாம். லேசான இறுக்கம் என்றால் கையால் இப்படியும் அப்படியும் வளைத்து, எண்ணெய் விட்டால் சரியாகும். அதற்கும் மசியாவிட்டால் உடைத்துவிட்டுப் புது பிரீசெட் போடுங்கள். தலையின் ஓரத்தில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தாலும் அதே தண்டனைதான். ஒரு பிரீசெட்டின் விலைக்கு யோசிக்காதீர்கள்.

கோர்த்து முடித்த செயினை ராத்திரி முழுக்க செயின் ஆயிலில் ஊறவிடுங்கள். காலையில் மாட்டி, அறுக்காமல் ஒரு நிமிஷம் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, ஆறினபிறகு டென்ஷன் பாருங்கள். புதுச் செயின் கொஞ்சம் நீளும். வேலை நடுவில் சூட்டோடு இறுக்கினீர்கள் என்றால், வேலை முடிந்ததும் தளர்த்திவிட மறக்காதீர்கள்; ஆறும்போது செயின் சுருங்கி பாரையும் கிராங்கையும் இழுக்கும். நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் இது இன்னும் முக்கியம். எஞ்சினிலிருந்து வடித்த கழிவு எண்ணெயை ஊற்றுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். அதில் இரும்புப் பொடி இருக்கிறது. நீங்கள் பாடுபட்டு உருட்டிய ரிவெட்டைத்தான் அது முதலில் அரிக்கும்.

அறுந்த செயினை ரிப்பேர் செய்யவும் இதே கருவிகள் போதும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய செயினின் பட்டைகள் அடிப்பக்கம் தேய்ந்திருக்கும். புதுப்பட்டை அதைவிட உயரமாக நிற்கும். அதன் அடியை அரத்தால் ராவி மற்றவற்றோடு சமப்படுத்தாவிட்டால், அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் பாரில் இடிக்கும். புதுப் பல் போட்டால் அதையும் பழைய பல்லின் நீளத்துக்கு ராவ வேண்டும். ரோட்டோரப் புளியில் போர்டு மாட்டின ஆணி பட்டு ஒரு பல் மட்டும் மழுங்கினால் அதை மாற்றவே மாற்றாதீர்கள், அப்படியே ஓடட்டும். பட்டையிலோ பல்லிலோ டிரைவ் லிங்கிலோ விரிசல் இருந்தால்தான் ரிப்பேர். ஒரே செயின் இரண்டாவது தடவை வேறு இடத்தில் அறுந்தால் அது களைத்துவிட்டது என்று அர்த்தம். தூக்கிப் போடுங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்து போன பிறகு கரையோர மரங்களை அறுத்தபோது, மரப்பட்டைக்குள் ஏறியிருந்த மணலில் என் செயின்கள் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அவற்றை ரிப்பேர் பார்க்க நான் கருவியை எடுக்கவே இல்லை.

இனி வாங்கலாமா என்ற கேள்வி. 3/8 நூறடி ரோலில் சுமார் 1640 டிரைவ் லிங்க் இருக்கும். 72 வீதம் வெட்டினால் 22 செயின், 56 லிங்க் மிச்சம். 72-ல் 20 செயினும், சின்ன மெஷினுக்கு 60-ல் 3 செயினும் வெட்டினால் 20 லிங்க்தான் மிஞ்சும், அது ரிப்பேருக்கு ஆகும். இப்படி முதலிலேயே கணக்குப் போட்டு வெட்டுங்கள். லாபக் கணக்கு இதுதான்: ரோல் விலையை எத்தனை செயின் வருமோ அதால் வகுங்கள், ஒரு பிரீசெட் செட்டின் விலையைக் கூட்டுங்கள், ரெடிமேட் செயினின் விலையிலிருந்து கழியுங்கள். ஒரு செயினுக்கு மிஞ்சுவது அது. கருவி இரண்டின் விலையை அதால் வகுத்தால், எத்தனை செயினில் முதல் திரும்பும் என்று தெரியும்.

மூன்று மெஷினும் ஒரே பிட்ச், ஒரே கேஜ் என்றால், தினம் வேலை இருக்கிறது என்றால், தாராளமாக வாங்குங்கள். மூன்றும் மூன்று அளவு என்றால் நூறடி ரோல் மூன்று வாங்கி முடக்க வேண்டாம்; 25 அடி ரோலும் கிடைக்கிறது. கே.வி.குப்பம், பள்ளிகொண்டா பக்கம் இதே வேலை செய்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு செட் கருவியைப் பொதுவில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பிரேக்கர் சுமாரானதாக இருந்தாலும் சமாளிக்கலாம், ஸ்பின்னரில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள். தலை ஆடுகிற மலிவு ஸ்பின்னர் சுத்தியலுக்கு அண்ணன். ரோலும் பிரபல கம்பெனி அட்டைப்பெட்டியில் போலிச் சரக்காக வருகிறது. பில் தருகிற டீலரிடம் மட்டும் வாங்குங்கள்.

கருவி வந்ததும் நேராகப் புது ரோலை வெட்ட உட்காராதீர்கள் தம்பி. ஓரளவு நல்ல பழைய செயின் ஒன்றை எடுத்து, பத்து இடத்தில் உடையுங்கள், பத்து பிரீசெட் போட்டு உருட்டுங்கள். கடைசி மூன்றை கட்டிங் வீல் போட்ட கிரைண்டரால் ரிவெட்டின் நடுவில் நெடுக்காக அறுத்துப் பாருங்கள். தண்டு நேராக நிற்கிறதா, தலை இரண்டு பக்கமும் சமமாகப் பரவியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். மூன்றும் ஒரே மாதிரி இருக்கிற அன்றைக்கு ரோலைப் பிரியுங்கள்.